சேறு படாத தட்டு

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்த ஜெயகௌரியின் துப்பறியும் அலுவலகத்துக்குள் பவளக்கொடி வந்தாள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. கைப்பையை வயிற்றோடு அழுத்திப் பிடித்தபடி நின்றுகொண்டே சொன்னாள்.

அவளுடைய கணவர் ரவிச்சந்திரன் மலேசியாவில் ஈப்போக்காரர். படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்டவர். முப்பது வருடம் தண்ணீர்க் குழாய் பதிக்கும் பிரிவில் எஞ்சினியர். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வயல்களில் நடப்பது. வருடந்தோறும் ஓகஸ்டில் ஒரு வாரம் அப்மின்ஸ்டருக்கு அப்பால் இருக்கும் கிரேஸ்டன் ஹவுஸ் என்ற பழைய மாளிகைக்குப் போவார். அங்கே விடுமுறைக்கு வருபவர்கள் தங்கி, சுற்றியுள்ள நிலத்தில் பழைய காசு, பொத்தான், நகை என்று தேடலாம். 2005ஆம் ஆண்டும் அப்படித்தான் சனிக்கிழமை போனார். தினமும் மாலை ஆறு மணிக்கு மனைவிக்குப் போன் எடுப்பார். செவ்வாய்க்கிழமை வரை எடுத்தார். புதன்கிழமை எடுக்கவில்லை.

வியாழன் காலை அவள் மாளிகைக்குப் போன் செய்தாள். அதன் சொந்தக்காரன் யோகேஸ்வரன் வருத்தத்தோடு ஒரு செய்தி சொன்னான். செவ்வாய்க்கிழமை ரவிச்சந்திரன் உடுப்பில் குத்தும் தங்கப் புரோச் ஒன்றைக் கண்டெடுத்தாராம். ஆயிரத்து முந்நூறு வருடப் பழசு. சட்டப்படி அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டியது. அதை எடுத்துக்கொண்டு வியாழன் விடியற்காலை சொல்லாமல் போய்விட்டாராம். பொலிசில் புகார் கொடுத்தாகிவிட்டதாம். கணவரைக் காணவில்லை என்று பவளக்கொடி பொலிசுக்குப் போனபோது, அவர் எங்கே ஒளிந்திருக்கக்கூடும் என்று அவளைத்தான் கேட்டார்கள். ஜூலையில் லண்டனில் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அவர்களுக்கும் வேறு வேலை நிறைய இருந்தது.

"அவரு எடுத்தாரா இல்லையான்னு கேக்க நான் வரலைங்க," என்றாள். "உயிரோட இருக்காரான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அவருக்கு நாளைக்கு ரெண்டு தடவை இன்சுலின் போடணும்."

ஜன்னலோரம் நின்று மட்டன் ரோல் தின்றுகொண்டிருந்த கஸ்பர் அதைக் கடுதாசியில் சுற்றி வைத்தான். ஜெயகௌரியின் உதவியாளன் அவன். பாரிசில் லாச்சப்பல் பக்கம் எட்டு வருடம் பூட்டுக்கடையில் நின்றவன். அவன் திறக்காத பூட்டும் இல்லை, மூடி வைத்த வாயும் இல்லை. ஜெயகௌரிக்கு ஐம்பத்திரண்டு வயது. மெலிந்த, சிறிய உருவம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்துப் பெரிய கடையொன்றில் வாடிக்கையாளர்போல நடந்து திருடர்களைப் பிடிக்கும் வேலையில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவள்.

"அவர் மெஷினை எப்பிடி வைச்சிருக்கிறவர்?" என்று ஜெயகௌரி கேட்டாள்.

எதற்கு அந்தக் கேள்வி என்று பவளக்கொடிக்கு விளங்கவில்லை. கட்டின பெண்டாட்டியைவிட நன்றாகவே வைத்திருப்பார் என்றாள். ஒவ்வொரு மாலையும் துடைத்துத்தான் வைப்பாராம்.

ஒன்றரை மணிக்குக் கஸ்பரின் வெள்ளை வான் கிரேஸ்டன் ஹவுஸ் முற்றத்தில் நின்றது. பாதிக் கூரை தார்ப்பாயால் மூடிய பெரிய வீடு. பின்னால் புல்வெளி, அதற்கப்பால் ஏரி. வயல் முழுவதும் காதுக்கவசம் போட்ட மனிதர்கள், நீண்ட கம்பின் நுனியில் வட்டத் தட்டை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, தலை குனிந்து மெல்ல நடந்தார்கள்.

"தொலைச்சதைத் தேடுற சனத்தைக் கண்டிருக்கிறன்," என்றான் கஸ்பர். "ஆரோ தொலைச்சதைக் காசு கட்டித் தேடுற சனத்தை இண்டைக்குத்தான் காணுறன்."

யோகேஸ்வரன் வாசலுக்கே வந்து வரவேற்றான். நாற்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சேர்ட், மரியாதையான பேச்சு. ஜெயகௌரியை அக்கா என்றான். தானும் ஜெர்மனியிலிருந்து வந்தவன்தான் என்றும், நாலு வருடத்துக்கு முன் இடிந்துகொண்டிருந்த இந்த வீட்டை வாங்கி இந்த விடுமுறைத் தொழிலைத் தொடங்கினதாகவும் சொன்னான். ரவி அண்ணை இப்படிச் செய்வார் என்று தான் கனவிலும் நினைக்கவில்லை என்றான். கணவரின் சாமான்களை எடுத்துவரச் சொல்லி மனைவி அனுப்பினதாக ஜெயகௌரி சொன்னதும், மறுபேச்சில்லாமல் பையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

சமையலறையில் தேநீர் ஊற்றினான். பாலை எடுக்க அவன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது, கதவுத் தட்டில் மருந்துப் பெட்டியொன்று இருந்ததை ஜெயகௌரி கண்டாள். பெட்டியில் ரவிச்சந்திரனின் பெயர். தப்பி ஓடுகிறவன் தங்கத்தை எடுத்துக்கொண்டு இன்சுலினை விட்டுவிட்டுப் போவானா என்று அவள் கேட்கவில்லை. தேநீரைக் குடித்தாள்.

கருவியை எடுக்கப் பின்பக்க அறைக்குப் போனார்கள். சேற்றுச் சப்பாத்துகளும் மண்வெட்டிகளும் குவிந்த அறை. சுவரில் ஆணிகளில் நாலைந்து கருவிகள் தொங்கின. எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட மூன்று படங்கள், 2002, 2003, 2004 என்று ஆண்டு எழுதி. மூன்றிலும் ஒருவர் உள்ளங்கையில் தங்கத்தை ஏந்திக்கொண்டு சிரித்தார். ஜெயகௌரி அந்தப் படங்களின் முன்னால் சற்று நேரம் நின்றாள்.

அங்கே ஏரிக்கரைச் சேறு முழங்கால்வரை ஏறிய கோலத்தில் மொரீன் என்ற ஆங்கிலேயப் பெண் சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற பஸ் சாரதி. ஒரு வாரமாக ஒரு பித்தளைப் பொத்தான்கூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்றும், ஏதாவது எடுக்காமல் ஏரிக்கரையைவிட்டு அசையப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனாள். ரவிச்சந்திரனைக் கடைசியாக எங்கே கண்டது என்று ஜெயகௌரி கேட்டதற்கு யோகேஸ்வரன், புதன்கிழமை முழுக்க மழைக்குள் கீழ் வயலில்தான் தேடிக்கொண்டிருந்தார், பொழுதுபடத்தான் ஏறி வந்தார் என்றான். அப்போது முன் வாசலில் யாரோ கூப்பிட, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான்.

யோகேஸ்வரன் காட்டிவிட்டுப் போன ரவிச்சந்திரனின் கருவியை ஜெயகௌரி தலைகீழாகத் திருப்பினாள்.

"மற்ற மெஷினெல்லாத்தையும் பார். தட்டு முழுக்கச் சேறு. களிமண். இதைப் பார்."

கஸ்பர் குனிந்து பார்த்தான். தட்டின் அடியில் சேறு ஒரு பொட்டும் இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புத் தூளும் செங்கல் தூளும் படிந்திருந்தன.

"எல்லாரும் சேத்திலை குளிச்சிருக்கினம்," என்றான். "இவர் மட்டும் பவுடர் பூசியிருக்கிறார்."

"தினமும் துடைச்சு வைக்கிற மனுசன். கடைசியாப் பாவிச்ச அண்டைக்கு மட்டும் துடைக்கேல்லை. அண்டைக்கு மழை. இந்த மெஷின் மழை படாத, செங்கல் கட்டின இடத்திலை நிண்டிருக்கு. கீழ் வயலிலை இல்லை."

கதவுக்குப் பின்னால் விருந்தினருக்கான நில வரைபடம் ஒட்டியிருந்தது. தேடலாம் என்ற வயல்களெல்லாம் பச்சை. ஒரேயொரு இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, ஆபத்து, உள்ளே போகக்கூடாது என்று எழுதியிருந்தது. ஏரிக்கு மேலே, மரங்களுக்குள். ஐஸ் கிணறு. அந்தக் காலத்துப் பிரபுக்கள் மாரியில் ஏரியில் உறையும் பனிக்கட்டியை வெட்டிக் கோடைவரை சேமித்து வைக்க நிலத்துக்கு அடியில் கட்டிய செங்கல் குழி.

கையில் கருவி இருந்தால் அந்த வளவில் ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஜெயகௌரி அதைப் புல்மேல் ஆட்டியபடியே நடந்தாள். கஸ்பர் ஒரு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, காலையில் சாப்பிடாமல் விட்ட ரோலைப் பற்றிப் புலம்பியபடி பின்னால் போனான்.

மரங்களுக்குள் ஒரு மண்மேடு. மேட்டின் பக்கத்தில் இடுப்பளவு கதவு. நூறு வருடக் கதவில் நேற்று வாங்கியதுபோலப் பளபளக்கும் பூட்டு. கஸ்பர் இரண்டு கம்பிகளை எடுத்து அரை நிமிடத்தில் திறந்தான். உள்ளே குனிந்து போகும் வழி. அதன் முடிவில் இன்னொரு கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி. அதையும் திறந்து டோர்ச்சை அடித்தான்.

காலடியில் தரை இல்லை. இரண்டு ஆள் ஆழத்துக்கு, முட்டை வடிவத்தில் செங்கல் குழி. சுவர் எங்கும் உள்நோக்கி வளைந்து, பிடிக்க ஒரு விளிம்பும் இல்லாமல் இருந்தது. அடியில் செங்கல் உடைசல் குவியல். அதன்மேல் சுருண்டு கிடந்த மனிதர் வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"பவளமா?" என்றார்.

வழியின் ஓரத்தில் ஒரு மர ஏணி கிடந்தது. அதை இறக்கி, மண்வெட்டியும் கையுமாகவே கஸ்பர் கீழே போனான். ரவிச்சந்திரனின் வலது கணுக்கால் வீங்கி நீலமாயிருந்தது. உதடு வெடித்து, நா வறண்டு, பேச்சுக் குழறியது. தனி ஆளாக அவரைத் தூக்க முடியவில்லை. ஜெயகௌரி கருவியின் வாரைத் தோளில் மாட்டியபடியே இறங்கினாள். இருவரும் அவரைத் தூக்கி நிறுத்தியபோது மேலே மரம் உரசும் சத்தம் கேட்டது. கஸ்பர் ஏணியை எட்டிப் பிடிப்பதற்குள் அது அவன் விரல்களுக்கு மேலே போய்விட்டது.

யோகேஸ்வரன் மேலே குந்தியிருந்தான். அவன் கோபப்படவில்லை. களைத்தவன்போலத்தான் பேசினான்.

"அக்கா, நீங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கலாம். எனக்கு ஆற்றையும் உயிர் தேவையில்லை. ஆறரைக் கப்பலுக்கு டோவருக்குப் போறன். திங்கட்கிழமை அங்கை இருந்து ஆருக்கும் அறிவிப்பன்."

"இவருக்கு மருந்து வேணும். திங்கள்வரை ஏலாது," என்றாள் ஜெயகௌரி.

அவன் எழுந்தான். உள்கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு வெளிக்கதவு.

டோர்ச் வெளிச்சம் இல்லாவிட்டால் கண்ணுக்கு முன் பிடித்த கையே தெரியாது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கஸ்பர் சுவரில் மூன்று தடவை ஏறிப் பார்த்தான், மூன்று தடவையும் சறுக்கி விழுந்தான். கத்திப் பார்த்தான். சத்தம் குழிக்குள்ளேயே சுற்றித் திரும்பி அவன் காதிலேயே விழுந்தது. காற்று புளித்துக் கனத்திருந்தது. ஜெயகௌரிக்குச் சிறு வயதிலிருந்தே மூடிய இடம் ஆகாது. லிப்டில்கூட ஏறமாட்டாள். கருவியின் கம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். பேசிக்கொண்டிருந்தால் சமாளிக்கலாம் என்று தோன்றியது. என்ன நடந்தது என்று ரவிச்சந்திரனைக் கேட்டாள். கஸ்பர் தன் சட்டைப் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை அவருக்குக் குடிக்கக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை புரோச்சை எடுத்தபிறகும் குழிக்குள் கருவி கத்தியதாம். இன்னும் தோண்டினாராம். நாலு அங்குலம் கீழே ஒரு மினுங்கல் அலுமினியத் தாள். அதைப் பணப்பைக்குள் மடித்து வைத்திருந்தார். ஜெயகௌரி டோர்ச்சுக்குக் கிட்டப் பிடித்தாள். இருமல் மிட்டாய் சுற்றிய தாள். எழுத்து ஜெர்மன். 2006 மார்ச்சுக்கு முன் சாப்பிடவும் என்று அச்சடித்திருந்தது.

"ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தி ஆரோ ராசாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு," என்றான் கஸ்பர். அவன் குரலிலும் வழக்கமான உற்சாகம் இல்லை.

புரோச்சைப் புதைத்தவன் குழி தோண்டும்போது பையிலிருந்து தாள் விழுந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் மேலே நகையை வைத்து மூடியிருக்கிறான். ரவிச்சந்திரன் புதன்கிழமை காலை யோகேஸ்வரனிடம் தாளைக் காட்டி, விடயத்தை அதிகாரிகளுக்குச் சொல்லப்போவதாகச் சொன்னார். அவன் பதறவில்லை. இந்த வீட்டுப் பழைய பிரபுவின் சேகரிப்பு ஐஸ் கிணற்றில் புதைந்து கிடக்கிறது, ஆட்களை இழுக்க அதில் ஒன்றிரண்டை வயலில் போட்டேன், நீங்களே வந்து பாருங்கள் என்று கூட்டிவந்தான். இறங்கித் தேடினார். தங்கத்தின் சத்தம் எங்கும் கேட்கவில்லை. ஏறும்போது, கருவியைத் தாருங்கள், பாரமாக இருக்கும் என்று யோகேஸ்வரன் கை நீட்டினான். கருவியை வாங்கிக்கொண்டு ஏணியை இழுத்தான்.

"பழம் நகையை விக்க வேண்டியவன் ஏன் மண்ணுக்குள்ளை போடவேணும்?" என்றான் கஸ்பர்.

ஜெயகௌரி தாளை மடித்தாள். "ஏனெண்டால் நேரை விக்க ஏலாது. அது ஜெர்மனியிலை எங்கையோ களவெடுத்த சாமான். ஆனால் இங்கத்தை மண்ணுக்குள்ளை இருந்து, ஒரு அப்பாவி மனுசன் எல்லாருக்கும் முன்னாலை தோண்டி எடுத்தால் அது புதையல். புதையலை விசாரிக்கிற கொரோனர் பதிவார். மியூசியம் வாங்கும். காசு எடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்காரனுக்குப் பாதி. பிறகு ஆர் கேக்கப்போறான்?"

கஸ்பர் மெல்லச் சீட்டியடித்தான். "கறுப்புக் காசைக் கழுவி வெளுக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கிறன். இவன் சேறு பூசி வெளுக்கிறான்."

"ஓம். ஆனால் அதுக்கு நம்பிக்கையான ஒரு ஆள் வேணும்." அவள் ரவிச்சந்திரன் பக்கம் டோர்ச்சைத் திருப்பவில்லை. இருட்டுக்குள்ளேயே பேசினாள். "மேலை மூண்டு படம் தொங்குது. மூண்டு வருசம். மூண்டிலையும் சிரிச்சுக்கொண்டு நிக்கிறது நீங்கள்தான்."

ரவிச்சந்திரன் தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார். முதல் தடவை உண்மை என்றே நம்பினாராம். இரண்டாம் வருடம், நாளைக்கு மேற்கு வேலிப் பக்கம் போங்கள் என்று யோகேஸ்வரன் காதோடு சொன்னான். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மூன்றாம் வருடம் அந்த இடத்துக்கு நேராகவே நடந்துபோய்த் தோண்டினார்.

"முப்பது வருஷம் மண்ணுக்கடியில பைப்பு போட்டேன், மேடம். ஒருத்தனும் என்னைப் போட்டோ எடுத்ததில்ல. அன்னிக்குப் பேப்பர்ல படம் வந்துச்சு. பவளம் அதை வெட்டி வீட்டு ஹோல்ல மாட்டி வச்சிருக்கா. வரவங்க எல்லார்கிட்டயும் காட்டுவா. அப்புறம் எப்படிச் சொல்றது?" மூச்சு வாங்கினார். "இந்தத் தாளைப் பாத்ததும் இனி தெரியாத மாதிரி நடிக்க முடியாதுன்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

ஜெயகௌரி ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. குழாய் போட்டவர் என்றால் ஒன்று சொல்லுங்கள், இந்தக் குழியில் உருகிய தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டாள்.

ரவிச்சந்திரன் தலையை நிமிர்த்தினார். இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாராம். அடியில் கட்டாயம் ஒரு வடிகால் இருக்கும், ஏரிக்குப் போகும். வாயில் இரும்புக் கம்பிவலை போட்டிருப்பார்கள். ஆனால் உடைசல் இடுப்பளவு. இருட்டில், உடைந்த காலோடு, எந்த இடத்தில் தோண்டுவது?

"இரும்பெண்டால் மெஷின் சொல்லாதோ?" என்றான் கஸ்பர்.

ரவிச்சந்திரன் கருவியை வாங்கி மடியில் வைத்தார். வயலில் ஆணிகளின் தொல்லை வேண்டாம் என்று எல்லோரும் கருவியை இரும்புக்குக் காது கேட்காதபடி திருப்பி வைப்பார்கள். அவரும் அப்படித்தான் வைத்திருந்தார். புதன்கிழமை இதே குவியல்மேல் தட்டை ஆட்டியபோது அது ஊமையாக இருந்ததற்கு அதுதான் காரணம். பொத்தானைத் திருப்பினார். ஜெயகௌரி தட்டை நகர்த்தினாள். அங்கங்கே ஆணிகள் கீச்சிட்டன. சுவரின் ஏரிப்பக்க ஓரத்தில் கருவி தொடர்ந்து ஊளையிட்டது.

முக்கால் மணி நேரம் கஸ்பர் மண்வெட்டியாலும் அவள் கையாலும் செங்கல்லை அள்ளினார்கள். துருப்பிடித்த வலை தெரிந்தது. நெம்பியதும் பிய்ந்து வந்தது. கீழே செங்கல் குழாய். அகலம் ஒன்றரை அடி. கஸ்பர் தன் தோளைப் பார்த்தான், பிறகு வயிற்றைப் பார்த்தான்.

"ரோலை முழுக்கச் சாப்பிடாமல் விட்டும் பிரயோசனமில்லை அக்கா," என்றான்.

போகக்கூடியவள் அவள் ஒருத்திதான். கார்டிகனைக் கழற்றி வைத்தாள். டோர்ச்சை அவர்களிடமே விட்டாள், இரண்டு கையும் தவழத் தேவை. தலையை உள்ளே விட்டாள். ஒரு தடவை பின்வாங்கினாள். கஸ்பர் அப்போது பகிடி விடவில்லை.

"மெல்லமாப் போங்கோ அக்கா. நான் இஞ்சைதான் நிக்கிறன்," என்றான்.

அவள் போனாள்.

அவளுடைய கால்கள் மறைந்து பத்து நிமிடம் ஆகவில்லை, மேலே தாழ்ப்பாள் திறந்தது. யோகேஸ்வரன் மூச்சிரைக்க நின்றான். கஸ்பரின் வான் முற்றத்து வழியில் அவனுடைய காருக்குக் குறுக்கே நிற்கிறதாம். வானின் திறப்பைத் தரச் சொன்னான். தந்தால் தண்ணீரும் மருந்தும் இறக்குவதாகச் சொன்னான்.

திறப்பு கஸ்பரின் வலது சப்பாத்துக்குள் இருந்தது. வடிகால் வாயை அவன் ஏற்கனவே முதுகால் மறைத்துக்கொண்டுவிட்டான். ஜெயகௌரியின் கார்டிகனை உடைசல்மேல் விரித்து, அக்கா மயங்கிவிட்டா என்று டோர்ச்சை ஒருகணம் அதில் காட்டி அணைத்தான்.

"திறப்பு இதுக்குள்ளைதான் எங்கையோ விழுந்திட்டுது அண்ணை. மெஷின் கிடக்கு, தேடித் தாறன். உங்கடை தொழில்தானே."

யோகேஸ்வரன் மணிக்கூட்டைப் பார்த்தான். காருக்குள் இருந்ததை விட்டுவிட்டு அவனால் போகமுடியாது. விளிம்பில் குந்தினான். கஸ்பர் கருவியை ஆட்டத் தொடங்கினான். கருவி ஒவ்வொரு ஆணிக்கும் கத்தியது. ஒவ்வொரு ஆணியையும் அவன் ஆறுதலாகத் தோண்டி எடுத்து, டோர்ச்சில் பிடித்துக் காட்டி, இதுவோ அண்ணை என்று கேட்டான்.

ஜெயகௌரி முழங்கையால் உந்தி உந்தி நகர்ந்தாள். முதுகு கூரையில் உரசியது. திரும்ப இடமில்லை, பின்னால் போகவும் இயலாது. அழுகிய இலைச் சேறு நாடிவரை வந்தது. ஓரிடத்தில் தோள் இறுகிப் பிடித்துக்கொண்டது. மூச்சை முழுதும் வெளியே விட்டபோதுதான் உடம்பு ஒரு அங்குலம் நகர்ந்தது. அழுதாள். யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் சத்தமாகவே அழுதாள். அழுதுகொண்டே நகர்ந்தாள்.

வெளிச்சம் தெரிந்தது. அதோடு நாலு இரும்புக் கம்பிகளும் தெரிந்தன.

குழாயின் வாய் ஏரிக்கரையில் பாதி புதைந்து, நாணலால் மூடியிருந்தது. கம்பிகளை உலுக்கினாள். அசைந்தன, விடவில்லை. இடைவெளியால் பார்த்தாள். பத்தடி தூரத்தில் சேற்றுச் சப்பாத்து இரண்டு. மொரீன். ஜெயகௌரி தொண்டை கிழியக் கத்தினாள். சப்பாத்துகள் அசையவில்லை. மொரீனின் காதில் கவசம். அந்தக் காதுக்கு உலகத்தில் உலோகத்தின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஜெயகௌரி கத்துவதை நிறுத்தினாள். வலது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி, சேற்றைத் துளைத்துக்கொண்டு தோள்மூட்டுவரை தள்ளினாள். அந்தக் கையில் இரண்டு தங்கக் காப்புகள். தட்டு நாணலுக்குமேல் ஒருதரம் போய்த் திரும்பியது. கிட்டே வந்தது. நின்றது.

மொரீன் மண்டியிட்டு நாணலை விலக்கினாள். சேற்றுக்குள்ளிருந்து ஒரு கை, விரல்களை அசைத்துக்கொண்டிருந்தது. அவள் அலறவில்லை. முப்பது வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவள். காதுக்கவசத்தைக் கழற்றி, அந்தக் கையை ஒருதரம் இறுகப் பிடித்துவிட்டு, மண்வெட்டியை எடுத்தாள்.

கஸ்பர் பதினேழாவது ஆணியைக் காட்டிக்கொண்டிருந்தான். யோகேஸ்வரன் எழுந்து, விளையாடுகிறாயா என்று கத்தினான். அப்போதுதான் தன் பின்னால் வழி இருண்டிருப்பதைக் கண்டான். திரும்பினான். தலையிலிருந்து கால்வரை சேறாக ஜெயகௌரி. அவளுக்குப் பின்னால் மொரீனும் மற்ற விருந்தினர்களும், வயலிலிருந்து ஓடிவந்த கோலத்தில், மண்வெட்டிகளோடு வழியை அடைத்து நின்றார்கள். முன்னால் அவர்கள், பின்னால் குழி.

"ஏணியை இறக்குங்கோ," என்றாள் ஜெயகௌரி.

அவன் இறக்கினான்.

காரின் மாற்றுச் சக்கரத்துக்குள் புரோச்சும் இன்னும் பதினொரு நகைகளும் இருந்தன. தென் ஜெர்மனியில் ஒரு சிறிய மியூசியத்திலிருந்து ஐந்து வருடத்துக்கு முன் களவு போனவை. பொலிஸ் அதை உறுதிசெய்ய மறுநாள் மதியம் ஆனது.

அன்று காலை பவளக்கொடியும் ஜெயகௌரியும் கஸ்பரும் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்றார்கள். ரவிச்சந்திரனுக்கு ஏறியிருந்த இரத்தச் சீனி இறங்கிவிட்டது. காலுக்கு மாவுக்கட்டு. முந்தைய இரவே பவளக்கொடி ஜெயகௌரியைக் கேட்டிருந்தாள், அவர் எடுத்தாரா என்று. கேட்க வரவில்லை என்று சொன்ன கேள்வி. அவரே சொல்லுவார் என்றாள் ஜெயகௌரி. இப்போது ரவிச்சந்திரன் சொன்னார், மூன்று வருடத்தையும். பவளக்கொடி குறுக்கே பேசாமல் கேட்டாள். ஹோலில் மாட்டிய படத்தைப் பற்றி அவர் தொடங்கியபோது மட்டும் எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றாள். வீட்டுக்குப் போய்விடுவாள் என்று கஸ்பர் நினைத்தான்.

பொலிஸ் உத்தியோகத்தர் வாக்குமூலம் எடுக்க வந்தார். இளைஞர், பணிவானவர். கட்டிலிலும் சுற்றிலும் இருந்த நாலு தமிழ் முகங்களையும் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குசெய்யவா என்று கேட்டார்.

பவளக்கொடி திரும்பி, தேவையில்லை என்று ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னாள். பிறகு ஜெயகௌரியைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

"அவருக்கு இங்கிலீஷ் நல்லா வரும். எங்கிட்ட பொய் சொன்னதெல்லாம் தமிழ்லதான்."

கஸ்பர் எதையோ சொல்ல வாயெடுத்தான். ஜெயகௌரி அவனைக் கையில் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். கதவு மூடுவதற்கு முன் அவள் கண்டது, பவளக்கொடி ஒரு கதிரையை இழுத்துக் கட்டிலுக்கு அருகே போட்டு உட்கார்ந்ததைத்தான். 2002 ஓகஸ்டிலிருந்து ரவிச்சந்திரன் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார்.